மூச்சிளைப்பும் முடங்கும் வாழ்வும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியாக வடக்கு நோக்கிச் செல்வோர், கொக்குவிலையும் இணுவிலையும் கடந்து மருதனார்மடத்தை அடைவர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1913ஆம் ஆண்டில் நிறுவிய மகளிர் கல்லூரியும், ஆஞ்சநேயர் ஆலயமும், மரக்கறிச் சந்தையும் இவ்வூருக்குச் சிறப்பளிப்பவை. சுற்றுவட்டாரச் செம்மண் தோட்டங்களில் விளையும் கத்தரியும் வெங்காயமும் வாழைக்குலையும் இச் சந்தையை வந்தடைகின்றன.

இச் சந்தைக்கு நாள் தவறாது வந்துபோன முதியவர் ஒருவரை வாசகர்கள் தம் மனக்கண்முன் நிறுத்திக்கொள்வார்களாக. இவர் நாம் கற்பனையில் அமைத்துக்கொண்டவரே. ஆயினும், இவரைப் போன்றவர் வாழாத ஊர் குடாநாட்டில் இராது. முன்பெல்லாம் இவர் சைக்கிளின் கைபிடியில் இருபுறமும் பை தொங்க, ஏறி மிதித்து வீடு திரும்புவார். ஒருநாள் சோளகக் காற்று எதிர்த்து அடித்தபோது, இடைவழியில் இறங்கிச் சைக்கிளை உருட்டிச் சென்றார். சில மாதங்களில் சைக்கிள் கொட்டிலில் சாத்தப்பட்டது, பஸ்ஸில் வரலானார். அதன் பின்னர் பையைப் பேரன் கையிற் கொடுத்தனுப்பினார். தேர்த் திருவிழாவன்று வடம் பிடித்தவர், மறு வருஷம் வீதியோரத்தில் நின்று கும்பிட்டார். அடுத்த வருஷம் வீட்டிலிருந்தே கும்பிட்டார். இன்று விறாந்தையிலுள்ள சாய்மனைக் கதிரையே அவருடைய உலகம்.

“ஐயா, கலியாண வீட்டுக்கு வரேல்லையோ?” என்று மகள் கேட்கிறாள்.

“நீங்கள் போட்டு வாங்கோ பிள்ளை. எனக்கு வயசு போச்சுது. இனி எனக்கென்ன கலியாண வீடு?”

வயது போனது உண்மைதான். ஆனால், இவரைக் கதிரையில் இருத்திய குற்றத்தை வயதின்மேற் சுமத்துதல் நியாயமாகாது. மூச்சிளைப்பே அக் காரியத்தைச் செய்தது.

இவர் எந்த நாளிலாவது தமக்கு நோய் என்று முறையிட்டதுண்டா? இல்லை. மூச்சு வாங்கச் செய்த வேலைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டார். கைவிட்டதும் மூச்சு வாங்குவது நின்றது. வைத்தியரே கேட்டாலும், “இருக்கேக்க ஒரு கரைச்சலும் இல்லை” என்றுதான் சொல்லியிருப்பார். நோய் வளர வளர வாழ்வு சுருங்கியது. வாழ்வு சுருங்கியமையால் நோய் பிறர் கண்ணுக்குப் புலப்படாது நின்றது. நுரையீரல் நோய்களில் மூச்சிளைப்பு மனிதருக்கு இழைக்கும் பெருந்தீங்கு இதுவே. இதனைக் காலத்தோடு கண்டறிந்தால், இழந்த வாழ்வில் ஒரு பகுதியையாவது மீட்க முடியும் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்பும் செய்தி.

களைப்பா, இளைப்பா?

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் இத் துன்பத்தைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ‘இளைக்குது’, ‘மூச்சு முட்டுது’, ‘மூச்சு வாங்குது’, ‘இழுக்குது’ என்றெல்லாம் கூறுவர். ஆஸ்துமா நோயைத் ‘தொய்வு’ என்றும் ‘முட்டு’ என்றும் வழங்குவர். இவற்றோடு ‘களைக்குது’ என்பதும் ஒன்று. நாளெல்லாம் தோட்டங் கொத்தி உடல் சோர்ந்தவரும் ‘களைக்குது’ என்கிறார். கிணற்றடிக்குச் சென்று மீள்வதற்குள் மூச்சுக்குத் திணறியவரும் ‘களைக்குது’ என்கிறார். சோர்வும் மூச்சிளைப்பும் ஒரே சொல்லில் ஒளிந்துகொள்வதால், கேட்பவர் “கொஞ்சம் ஆறியிருங்கோ” என்று சொல்லிவிட்டு அப்பாற் சென்றுவிடுகின்றனர்.

ஆகவே, வைத்தியரிடம் செல்பவர் ‘களைக்குது’ என்பதோடு நின்றுவிடலாகாது. என்ன செய்யும்போது மூச்சு வாங்குகிறது, எவ்வளவு தூரம் நடந்தபின் நிற்க நேர்கிறது, நின்றபின் எத்தனை நிமிடத்தில் ஆறுகிறது, போன வருஷம் செய்த எந்த வேலையை இவ்வருஷம் விட்டுவிட்டார் என்பவற்றைச் சொல்லுதல் வேண்டும். மருதனார்மடத்துக்கு அண்மையிலுள்ள மானிப்பாயில், 1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார்; உடற்கூற்று நூலையும் தமிழாக்கினார். வைத்திய சாத்திரமே தமிழ் பேசிய மண்ணில், நோயாளி தம் நோயைத் தம் மொழியில் தெளிவாகச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

நெஞ்சினுள் நிகழ்வது

ஓய்வாக இருக்கும்போது வளர்ந்த மனிதர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை வரை மூச்சு விடுகின்றனர். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை லீற்றர் காற்று உட்சென்று வெளிவருகிறது. எழுந்து நடந்தால், காலின் தசைகள் கூடுதலான ஒட்சிசனைக் கேட்கின்றன. கூடுதலான காபனீரொட்சைட்டை வெளியேற்றுகின்றன. அதற்கேற்ப மூச்சும் ஆழமாகிறது, விரைவாகிறது. சுகதேகிக்கு நுரையீரலில் பெருஞ் சேமிப்புண்டு. ஆதலால் சாதாரண நடையின்போது அவர் தம் மூச்சைப் பற்றி நினைப்பதேயில்லை.

புகையாலும் தூசியாலும் பல்லாண்டுகள் தாக்குண்ட நுரையீரலின் நிலை வேறு. ‘நாட்பட்ட சுவாசத்தடை நோய்’ என்று வைத்தியர் குறிப்பிடும் நோயில், சிறிய சுவாசக் குழாய்கள் தடித்து ஒடுங்குகின்றன; சளி சேர்கிறது; காற்றுச் சிற்றறைகளின் சுவர்கள் சிதைந்து நுரையீரலின் மீள்சக்தி குன்றுகிறது. இந் நோயாளருக்கு மூச்சை இழுப்பதிலும் பார்க்க வெளிவிடுவதே பெருஞ் சிரமம்.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். காலை வேளையில் மருதனார்மடச் சந்தியில் ஒரு பஸ் நிற்கிறது. இறங்க வேண்டியவர்கள் இறங்கி முடிவதற்குள், ஏற வேண்டியவர்கள் முண்டியடித்து ஏறுகின்றனர். அடுத்த தரிப்பிலும் அவ்வாறே. சிறிது தூரத்தில் பஸ் நிறைந்துவிடுகிறது. இனி ஒருவரும் ஏற முடியாது. விரைந்து நடக்கும் நோயாளியின் மார்பில் நிகழ்வதும் இதுவே. பழைய காற்று வெளியேறி முடியுமுன் புதிய காற்று உட்புகுகிறது. நுரையீரல் ஊதிப் பருத்து நிற்கிறது. அதன் கீழுள்ள பிரிமென்றகடு தட்டையாகி, இழுக்கும் வலுவை இழக்கிறது. காற்று நிரம்பிய மார்போடு ‘காற்றுப் போதவில்லை’ என்று அவர் தவிப்பதன் காரணம் இதுதான்.

கைகளை உயர்த்திச் செய்யும் வேலைகள் இவர்களுக்கு மிகுந்த இளைப்பைத் தருவதும் கவனிக்கத்தக்கது. தலை வாருதல், கொடியில் உடுப்புக் காயப்போடுதல், கிணற்றில் தண்ணீர் அள்ளுதல் ஆகியவற்றைப் பெண்கள் முறையிடுவதைக் கேட்டிருப்போம். தோளிலும் கழுத்திலுமுள்ள தசைகள் இந் நோயில் மூச்சுக்குத் துணைநிற்கின்றன. கைகள் மேலே சென்றால் அத்தசைகள் இரண்டு எசமானர்க்கு ஊழியஞ் செய்ய வேண்டியவையாகின்றன.

வேல்ஸ் நாட்டு மலையும் நம் சமவெளியும்

மூச்சின் அளவைக் கருவியால் அளக்கும் முறை பழையது. 1846இல் இங்கிலாந்து வைத்தியர் யோன் ஹட்சின்சன் மூச்சளவுக் கருவியைப் பற்றி எழுதினார். இன்றும் நோயை உறுதிசெய்வதற்கு அக் கருவியின் வழிவந்த பரிசோதனை இன்றியமையாதது. ஆயினும், ஒருவர் எவ்வளவு காற்றை ஊதுகிறார் என்பது, அவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதை முற்றாகச் சொல்லிவிடாது. கருவியில் ஒரே அளவு காட்டும் இருவரில், ஒருவர் தோட்டத்துக்குப் போய்வருவார். மற்றவர் வாசற்படி இறங்கார்.

இவ்வேறுபாட்டை அளப்பதற்கு எளிய வினாக்களை வகுத்தவர்களுள் முதன்மையானவர் வைத்தியர் சாள்ஸ் பிளெச்சர். 1945இல் பிரித்தானிய வைத்திய ஆராய்ச்சி மன்றம் வேல்ஸ் நாட்டின் கார்டிவ் நகருக்கு அருகில், நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்ட சுரங்கத் தொழிலாளரை ஆராய ஒரு பிரிவை நிறுவியது. அதன் முதற் பணிப்பாளர் அவரே. அங்கு கண்ட அனுபவத்தின் அடியாக 1950களில் உருவான அளவுகோல், சிறு மாற்றங்களோடு இன்று உலகெங்கும் வழங்குகிறது. அதன் படிகள் ஐந்து.

கடும் வேலை செய்தால் மட்டும் மூச்சு வாங்குதல் முதற் படி. சமதரையில் விரைந்து நடந்தாலோ சிறு மேட்டில் ஏறினாலோ வாங்குதல் இரண்டாவது. சமதரையில் ஒத்த வயதினரோடு சேர்ந்து நடக்க முடியாது பின்தங்குதல், அல்லது தம் போக்கில் நடந்தாலும் மூச்சுக்காக நிற்க நேர்தல் மூன்றாவது. சுமார் 100 மீற்றர் தூரமோ சில நிமிடங்களோ நடந்ததும் நிற்க நேர்தல் நான்காவது. வீட்டை விட்டு வெளியேற முடியாமை, அல்லது உடுப்பு மாற்றும்போதே மூச்சு வாங்குதல் ஐந்தாவது.

இவ்வினாக்களின் பெறுமதி சிறிதன்று. 183 நோயாளரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த யப்பானிய வைத்தியர்கள், எவர் உயிர்வாழ்வார் என்பதை மூச்சளவுக் கருவியிலும் பார்க்க மூச்சிளைப்பின் படியே நன்கு முன்னுணர்த்தியது என்று 2002இல் எழுதினர்.

ஆனால், நமக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. வேல்ஸ் நாடு மலையும் பள்ளத்தாக்குமானது. அங்குள்ளவர் வீட்டுக்குப் போவதற்கே மேடு ஏற வேண்டும். நோயின் தொடக்கத்தை அந்த மேடே அவருக்கு உணர்த்திவிடும். யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணக் கல்லின்மேல் அமைந்த சமவெளி. மலை கிடையாது. பெரும்பாலான வீடுகளில் மாடிப்படியும் இல்லை. ஆதலால், “மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குமோ?” என்று கேட்டால், நம்மவர் பலர் ‘இல்லை’ என்றே விடை பகர்வர். அது உண்மையான விடையுமாகும், பயனற்ற விடையுமாகும்.

நமக்குரிய மேடு எது? ஆனியிலும் ஆடியிலும் வீசும் சோளகத்தை எதிர்த்துச் சைக்கிள் மிதிப்பது நமது மேடு. கிணற்றிலிருந்து வாளியால் நீர் அள்ளித் தலையில் வார்ப்பது நமது மாடிப்படி. இவ்விரண்டையும் இக்காலத்தில் மோட்டார் சைக்கிளும் தண்ணீர்ப் பம்பும் எடுத்துக்கொண்டுவிட்டன. வசதி பெருகியது நன்றே. ஆயினும், நோயைத் தொடக்கத்திற் காட்டிக்கொடுத்த இரு சாட்சிகளும் மறைந்தன. எனவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தாவோடும் அம்மம்மாவோடும் கோயிலுக்கு நடந்து செல்லுங்கள். அவர்கள் பின்தங்குகிறார்களா, கதைத்துக்கொண்டே நடக்க முடிகிறதா, ‘ஆரோ தெரிஞ்ச ஆள்’ என்று சாட்டுச் சொல்லி நடுவழியில் நிற்கிறார்களா என்று பாருங்கள். மூச்சுக்காக நிற்பதை மறைக்க மதிலையும் மரத்தையும் பார்ப்பவர்கள் பலர் உளர்.

புகை எங்கிருந்து வந்தது?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் நாட்பட்ட சுவாசத்தடை நோயால் உலகில் 35 இலட்சம் பேர் இறந்தனர். மரண காரணங்களுள் இது நான்காம் இடம் பெற்றது.

முதற் காரணம் புகையிலை. யாழ்ப்பாணம் புகையிலைச் செய்கைக்கும் சுருட்டுக் கைத்தொழிலுக்கும் பெயர்பெற்ற பூமி. பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட பயிர் அது. அதனாலேயே சுருட்டைத் தீங்கென்று சொல்ல நா எழுவதில்லை. மேற்கூறிய பிளெச்சரும் அவருடன் சேர்ந்த பீற்றோவும் இலண்டன் நகரத்து ஆண்களை எட்டு ஆண்டுகள் ஆராய்ந்து, புகையை விட்டவர்க்கு இழந்த நுரையீரல் மீள்வதில்லை, ஆனால் மேலும் இழக்கும் வேகம் குறைந்து புகையாதவரின் அளவுக்கு வந்துவிடுகிறது என்று 1977இல் காட்டினர். எழுபது வயதில் விட்டாலும் இலாபம் உண்டு என்பதே இதன் பொருள்.

இரண்டாங் காரணம் நம் குசினியில் இருக்கிறது. ஆயுளில் ஒரு சுருட்டையும் தொட்டறியாத தாய்மார் இந் நோய்க்கு ஆளாவதைக் கண்டு வியப்போர் உளர். பனைமட்டையும் பொச்சுமட்டையும் ஈர விறகும் எரியும் அடுப்பின் முன்னால் குனிந்து, ஊதுகுழலால் நெருப்பை ஊதிய நாற்பது ஆண்டுகள் சிறிய காலமா? விறகுப் புகையால் வரும் இந் நோய் உலகின் வறிய நாடுகள் யாவற்றிலும் பெண்களை வாட்டுகிறது. புகைக்கூடும், திறந்த யன்னலும், உலர்ந்த விறகும், இயலுமானால் எரிவாயு அடுப்பும் வேண்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பூதலாகாது.

இவையன்றி, பழைய காசநோயின் தழும்பு, கல்லுடைக்கும் தூசி, குப்பை எரிக்கும் புகை என்பனவும் உண்டு. 2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், கடல் கடந்து வந்த மாசு யாழ்ப்பாணம் உட்பட இலங்கையின் பல பகுதிகளை மூடியபோது, டிசெம்பர் 9ஆந் திகதி அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டமை வாசகர் நினைவில் இருக்கும். இத்தகைய நாள்களில் நுரையீரல் நோயாளர் வெளியே உலாவாதிருத்தல் நலம்.

ஓய்வு என்னும் பொறி

மூச்சு வாங்கினால் உட்காருவது இயற்கை. உட்கார்ந்தால் ஆறுகிறது. ஆறுவதால், உட்காருவதே மருந்து என்று மனம் தீர்மானிக்கிறது. இங்கேதான் பொறி இருக்கிறது.

அசையாத காலின் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசை சிறிது வேலைக்கே களைத்து, இலத்திக்கமிலத்தை விரைவாக உண்டாக்குகிறது. அதை ஈடுசெய்ய உடல் மேலும் மூச்சைக் கேட்கிறது. முன்பு 200 யார் நடந்தபின் வந்த இளைப்பு, இப்போது 100 யாரில் வருகிறது. அதற்கு அஞ்சி மனிதர் இன்னும் குறைவாக நடக்கிறார். நுரையீரல் அதே நிலையில் இருக்க, மூச்சிளைப்பு மட்டும் மாதந்தோறும் வளர்கிறது.

உடலோடு மனமும் சுருங்குகிறது. மூச்சு முட்டுமோ என்ற அச்சமே மூச்சை முட்டச் செய்யும். ஊரார் முன்னிலையில் இருமவும் திணறவும் வெட்கம். இரவில் நித்திரை கெடும். சாப்பிடும்போதே இளைப்பதால் உணவு குறையும்; தேகம் மெலியும். இந் நோயாளரின் வாழ்வை மதிப்பிட 2009ஆம் ஆண்டு முதல் வழங்கும் எட்டு வினாக்களில், இருமல், சளி, மூச்சிளைப்பு என்பவற்றோடு, ‘வீட்டை விட்டு வெளியே போகத் துணிவு இருக்கிறதா?’, ‘நிம்மதியாக உறங்குகிறீர்களா?’ என்னும் பொருள்பட்ட வினாக்களும் உள்ளன. வைத்திய உலகம் துணிவையும் உறக்கத்தையும் அளக்கத் தொடங்கியது நல்ல காலமே.

அன்பும் சில வேளைகளில் இப் பொறிக்குத் துணைபோகிறது. “ஐயா, நீங்கள் இருங்கோ, நான் செய்யிறன்” என்று மகன் செம்பையும் கொண்டுவந்து கொடுக்கிறான். மருமகள் கோப்பையையும் கழுவி வைக்கிறாள். தகப்பனிடம் கொண்ட மரியாதையால் செய்வதே அது. குறைகூற நாம் வரவில்லை. ஆனால், வேலை யாவும் பறிக்கப்பட்ட முதியவருக்கு வீட்டில் இருக்கை உண்டேயன்றி இடம் இல்லை. பூமரத்துக்குத் தண்ணீர் விடுவது, பேத்தியைப் பாடசாலை வாயில்வரை கூட்டிச் செல்வது போன்ற ஒரு பொறுப்பாவது அவரிடம் இருத்தல் வேண்டும்.

நடையே மருந்து

1952இலேயே அமெரிக்க வைத்தியர் அல்வன் பராக், இந் நோயாளரைப் படுக்கையில் வைத்திருப்பதினும் சிறிது சிறிதாக நடக்கப் பழக்குவதே நன்று என்று எழுதினார். அக்காலத்தில் அதனைக் கேட்டோர் சிலரே. 1960களில் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் தோமஸ் பெற்றி என்பவர் இதனை முறையான சிகிச்சையாக வளர்த்தார். இன்று இதற்கு நுரையீரல் புனர்வாழ்வுப் பயிற்சி என்று பெயர். 2015ஆம் ஆண்டில் 65 பரிசோதனைகளையும் 3822 நோயாளரையும் ஒன்றுசேர்த்து ஆராய்ந்த அறிஞர்கள், இப் பயிற்சி மூச்சிளைப்பைக் குறைத்து, நடக்கும் ஆற்றலையும் வாழ்க்கைத் தரத்தையும் உயர்த்துகிறது என்று கண்டனர். சாதாரண சிகிச்சையோடு ஒப்பிட்டு இதனை மீண்டும் மெய்ப்பிக்க வேண்டிய அவசியமில்லை என்றே கருதப்பட்டது.

இதில் வியப்பு யாதெனில், பயிற்சியின் பின்னரும் மூச்சளவுக் கருவி பெரும்பாலும் பழைய எண்ணையே காட்டும். நுரையீரல் மாறுவதில்லை. தசைகள் மாறுகின்றன, அவை குறைந்த மூச்சுக்குக் கூடிய வேலை செய்யக் கற்றுக்கொள்கின்றன. அச்சமும் தணிகிறது.

இப்பயிற்சி வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை நடைபெறும். நடை, கதிரையிலிருந்து கை ஊன்றாது எழுந்து உட்காருதல், சிறு பாரந் தூக்குதல் என்பன இதன் அங்கங்கள். வைத்தியரிடம் காட்டி, இருதயத்தையும் பரிசோதித்து, அவர் உத்தரவு தந்தபின் வீட்டிலும் நடையைத் தொடங்கலாம். அதற்கு நம்மூர்க் கோயில்களின் வெளிவீதியிலும் சிறந்த இடம் ஏது? சமதரை, அறிந்த முகங்கள், களைத்தால் இருக்கத் திண்ணை. முதல் நாள் நடந்த தூரத்தைக் குறித்துவைத்து, வாரந்தோறும் சிறிது கூட்டலாம். கதைக்க முடியும், பாட முடியாது என்னுமளவு இளைப்பே தக்க அளவு. சில நிமிடங்களில் ஆறிவிடும் இளைப்பு உடலுக்குக் கேடு செய்வதில்லை என்பதை நோயாளரும் வீட்டாரும் உணர்வது அவசியம்.

வீட்டில் செய்யத்தக்கவை

மூக்கால் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப்போல் இருமடங்கு நேரம் மெல்ல ஊதி விடுதல் முதலாவது உபாயம். எதிரிலுள்ள விளக்குச் சுடர் அசைய வேண்டும், அணையலாகாது. இதனால் குழாய்கள் முன்கூட்டியே மூடிக்கொள்ளாது, அடைபட்ட காற்று வெளியேறுகிறது. நாதஸ்வரக் கலைஞரால் பேர்பெற்ற இணுவிலுக்கு அயலில் வாழ்வோர்க்கு, மூச்சையும் பழக்கத்தால் ஆளலாம் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுமோ?

திணறல் வந்தால் படுக்கலாகாது. முன்னே சாய்ந்து, முழங்கையை மேசைமேலோ துடைமேலோ ஊன்றி இருத்தல் நன்று. தோளின் தசைகள் அப்போது மூச்சுக்கு உதவும்.

அடுத்தது நமது பனையோலை விசிறி. முகத்தில் குளிர்ந்த காற்றுப் பட்டால் மூச்சிளைப்பு உணர்வு தணியும் என்பதை, இங்கிலாந்தில் சுமார் 50 நோயாளரிடம் சிறு கைவிசிறியைக் கொண்டு நடத்திய பரிசோதனை 2010இல் காட்டியது. காலில் வீசியதனால் அப்பயன் கிட்டவில்லை. நோயாளியைச் சூழ நின்று காற்றை மறிப்பதை விட்டு, முகத்துக்கு விசிறுவதே உறவினர் செய்யக்கூடிய உதவி.

இருந்து குளிக்க ஒரு பலகையும், கைக்கெட்டும் உயரத்தில் உடுப்பும், சிறுகச் சிறுகப் பலமுறை உணவும் நாளைச் சுலபமாக்கும். இன்ஹேலர் மருந்தைத் தொடங்கினால் பின்னர் விட முடியாது என்னும் அச்சம் நம்மிடையே பரவியுள்ளது. அது தவறு. மருந்து நேரே சுவாசக் குழாய்க்குச் செல்வதால் சிறிதளவே போதுமானது. ஆனால், அதனை உறிஞ்சும் முறையை வைத்தியர் அல்லது தாதியின் முன்னிலையில் செய்துகாட்டித் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஒட்சிசன் எல்லோர்க்கும் உரிய மருந்தன்று. ஓய்விலேயே இரத்தத்தில் ஒட்சிசன் மிகக் குறைந்தவர்கள் நாளொன்றுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் பெற்றால் ஆயுள் நீளும் என்று 1980, 1981ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இரு பரிசோதனைகள் காட்டின. மிதமான குறைவுள்ளோர்க்கு அப்பயன் இல்லை என்று 2016இல் வெளிவந்த ஆய்வு கண்டது. வைத்தியர் சொல்லாது அதனை வாங்கி வைப்பது வீண் செலவு. அதனருகில் சுருட்டுப் பற்றுவதோ உயிராபத்து.

காலம் தாழ்த்தலாகாத வேளை

மூச்சிளைப்பு யாவும் நுரையீரல் நோயன்று. இருதயப் பலவீனமும் இரத்தச் சோகையும் இதனை உண்டாக்கும். ஆதலால், சொந்தத் தீர்மானம் செய்யாது வைத்தியரைக் காண்க. அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணம் இல்லை; மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களும் உள்ளன. மூன்று வாரத்துக்கு மேற்பட்ட இருமலும், சளியோடு இரத்தமும் காசநோயின் அறிகுறியாகலாம், மறைத்தல் கூடாது.

திடீரென மூச்சு முட்டுதல், நெஞ்சு நோ, உதடு நீலம் பாய்தல், ஒரு வசனத்தை முடிக்க முடியாத திணறல், மயக்கம், ஒரு கால் மட்டும் வீங்குதல் என்பன கண்டால் நடைப் பயிற்சியைப் பற்றி நினைக்க நேரமில்லை. 1990 என்னும் இலக்கத்தை உடனே அழையுங்கள். 2018ஆம் ஆண்டு முதல் வட மாகாணத்திலும் இயங்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது.

இனி, சாய்மனைக் கதிரையில் நாம் விட்டுவந்த முதியவரிடம் திரும்புவோம். அவர் மீண்டும் சோளகத்தை எதிர்த்துச் சைக்கிள் மிதிப்பார் என்று நாம் வாக்களிக்க முடியாது. ஆனால், சுருட்டை விட்டு, மருந்தை முறையாக எடுத்து, இரண்டு மாதம் கோயில் வீதியில் நடந்தாரானால், பேரனோடு பஸ்ஸில் ஏறிச் சந்தைக்கு வந்து, கத்தரிக்காயைத் தாமே தெரிந்தெடுத்து, விலை பேசி வாங்கக்கூடும். பையைப் பேரன் சுமக்கட்டும். அடுத்த கலியாண வீட்டில் பந்தியில் இருந்து உண்ணவுங்கூடும். நோயில்லாத ஒருவருக்கு இவை அற்பமாகத் தோன்றலாம். கதிரையில் மூன்று வருஷம் இருந்தவரைக் கேட்டால் அவற்றின் விலை தெரியும்.

மருதனார்மடத்தின் பெயரிலேயே ‘மடம்’ என்னும் சொல் இருக்கிறது. முற்காலத்தில் யாழ்ப்பாணத்து வீதியோரங்களில் வழிப்போக்கருக்கு மடங்களையும், சுமையோடு வருவோர்க்குச் சுமைதாங்கிகளையும் நம் முன்னோர் அமைத்தனர். அங்கே பயணி சுமையை இறக்கினான், தண்ணீர் குடித்தான், மூச்சு ஆறினான், பின்னர் எழுந்து தன் வழியே நடந்தான். மடத்திலேயே தங்கிவிட எவரும் அதனைக் கட்டவில்லை. மூச்சிளைப்பால் வருந்தும் நம் பெரியோர்க்கும் ஓய்வு அவ்வாறே அமைதல் வேண்டும். இன்று மாலை வெயில் தாழ்ந்ததும், உங்கள் வீட்டு விறாந்தைக் கதிரையருகே சென்று, “ஐயா, படலைமட்டும் நடந்திட்டு வருவமோ?” என்று கேட்டுப் பாருங்கள்.